தின்னர் அலமாரியில் வைத்த மாஸ்க்

கார்களுக்குப் பெயிண்ட் அடித்தேன். இருபத்தெட்டு வருடம். ராயப்பேட்டையில் ஒரு சந்து, அதற்குள் ஒரு தகர ஷெட். முன்பக்கம் டிங்கர் வேலை, என் கூட்டாளி பாய் பார்ப்பார். பின்பக்கம் பெயிண்ட் வேலை, நான் பார்ப்பேன். அடி வாங்கிய வண்டியை அவர் தட்டி நிமிர்த்துவார். நான் பட்டி பூசி, தேய்த்து, கலர் அடித்து, அது அடியே வாங்காத மாதிரி ஆக்கிவிடுவேன்.

இந்த வேலையில் நாள் முழுக்கத் தின்னர்தான். பெயிண்டைக் கரைக்கத் தின்னர். ஸ்ப்ரே கன் கழுவத் தின்னர். வேலை முடிந்ததும் கை கழுவவும் தின்னர். சோப்புக்குப் பெயிண்ட் போகாது. ஒரு கப்பில் ஊற்றி இரண்டு கையையும் முக்கி முழங்கை வரை தேய்ப்பேன். ஜில்லென்று இருக்கும். அந்த ஜில் எனக்குப் பிடிக்கும். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பிடிக்கும்.

அது விஷம் என்று தெரியாமல் இல்லை. டின்னிலேயே மண்டை ஓடு படம் போட்டிருக்கிறது. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்றுதான் படம் போடுகிறார்கள். நான் ஏழாவது வரை படித்தவன். அதனால் படத்தை மதிக்கவில்லை.

என் கட்சி இதுதான்: விஷம் மற்றவர்களுக்கு. என் உடம்புக்குப் பழகிவிட்டது. பழகாத மிச்சத்துக்கு வைத்தியம் இருந்தது. சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம், அதன் மேல் டீக்கடையில் ஒரு கிளாஸ் பால். தொண்டையில் ஒட்டிய பெயிண்டை வெல்லம் இழுத்துக்கொள்ளும், பால் அதை வயிற்றுக்குத் தள்ளும், மறுநாள் காலை வெளியே போய்விடும். எங்கள் சந்தில் பெயிண்ட் அடிக்கிற எல்லோரும் இதைச் செய்வார்கள். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. மூச்சில் போனது எப்படி வயிற்று வழியாகத் திரும்பி வரும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

வெல்லத்துக்கென்று ஷெட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்திருந்தேன். மூடியில் ரப்பர் வளையம். பக்கத்தில் இழுத்துப் பூட்டும் கம்பி. காற்றுப் புகாது. வெல்லத்தில் தின்னர் வாடை ஏறக் கூடாது என்று அத்தனை கவனம்.

சனிக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர். வாரம் முழுக்கச் சேர்ந்த தின்னரை அது எரித்துவிடும் என்பது என் விஞ்ஞானம்.

மாஸ்க்கும் இருந்தது. வெறும் துணி இல்லை. இரண்டு கன்னத்திலும் இரண்டு டப்பி வைத்த ரப்பர் மாஸ்க். டப்பிக்குள் கரி. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர், திருநெல்வேலிக்காரர், வண்டி எடுக்க வந்தபோது என் இருமலைக் கேட்டுவிட்டு வாங்கிக் கொடுத்தார். விலை உயர்ந்த பொருள். தூசி படியக் கூடாது, எவனும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று பெயிண்ட் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவேன். தின்னர் டின்கள் இருக்கும் அதே அலமாரி.

"என் பாடி தின்னரையே ஜீரணம் பண்ணிடும் பாய்" என்று அடிக்கடி சொல்வேன்.

"பண்ணும், பண்ணும். உன் பக்கத்துல நின்னு பீடி பத்த வெக்கத்தான் பயமா கீது" என்பார் பாய்.

போன வருடம் மழைக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். அடையாறு பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். தோளில் பை, கையில் ஐஸ் பெட்டி. ஐஸ்கிரீம் விற்க வந்திருக்கிறாள் என்று பாய் நினைத்தார்.

"அண்ணா, பெயிண்ட் அடிக்கிறவங்க ரத்தத்துல தின்னர் என்ன பண்ணுதுன்னு பாக்கறோம். இஷ்டம் இருந்தா மட்டும் குடுங்க. ரெண்டு சின்ன ட்யூப்தான்."

"எங்கிட்ட எடுத்து பிரயோஜனம் இல்லமா. நமக்கு ஒண்ணும் இருக்காது."

"எழுதிக்கமா" என்றார் பாய். "இவரு பாடி தின்னர ஜீரணம் பண்ணும்."

அவள் சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணா" என்றாள். "ஈரல்ல என்சைம்னு இருக்கு. உள்ள வர்ற விஷத்தை ஒரு கூட்டம் பிடிச்சு உருவத்தை மாத்தும். இன்னொரு கூட்டம் அதுமேல ஒண்ணை ஒட்டி, தண்ணில கரையற மாதிரி ஆக்கும். அப்புறம் ஒண்ணுக்குல போயிடும். எல்லார் உடம்புலயும் நடக்குது."

எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. கேட்டாயா என்று பாயைப் பார்த்தேன். 'எல்லார் உடம்புலயும்' என்று அவள் சொன்னது என் காதில் விழவில்லை. எனக்காக மட்டும் செய்த ஏற்பாடு என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு தாளை எடுத்துக் கேள்வி கேட்டாள். எத்தனை வருடம், எத்தனை மணி நேரம், பீடி உண்டா, குடி உண்டா. மாஸ்க் போடுவீர்களா என்றாள். இதற்காகத்தான் காத்திருந்தேன். அலமாரியைத் திறந்து மாஸ்க்கை எடுத்து வந்து கொடுத்தேன். சந்தில் வேறு யாரிடமும் இது கிடையாது என்றும் சொன்னேன்.

அவள் டப்பியை மூக்குப் பக்கம் கொண்டு போனாள். உடனே தள்ளிப் பிடித்தாள்.

"இதை எங்க அண்ணா வெப்பீங்க?"

"அலமாரிலதான். தின்னர் டின்னோட. பூட்டி வெச்சிடுவேன்."

"டப்பியக் கவர் போட்டு மூடி வெப்பீங்களா?"

"எதுக்கு?"

அவள் மாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தாள். எப்படிச் சொல்வது என்று பார்த்திருப்பாள். "அண்ணா, இந்தக் கரி இருக்கறதே தின்னரை உறிஞ்சத்தான். நீங்க போட்டுக்கிற நேரத்துல உறிஞ்சணும். நீங்க வீட்டுக்குப் போனப்புறமும் அது அலமாரிக்குள்ள உறிஞ்சிக்கிட்டே இருக்கு. ரொம்பிப் போயிடுச்சு. இது இப்ப மாஸ்க் இல்ல."

"அப்ப இன்னாமா அது?" என்றார் பாய்.

"தின்னர்ல ஊறின கரி. அதை மூக்குல கட்டிக்கிறாரு."

பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். கீழேயே உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "மூணு வருஷமா மூஞ்சில தின்னர் பொட்டலம் கட்டினு அடிச்சிக்கிறியே நைனா! சும்மா அடிச்சிருந்தாகூட கம்மியா போயிருக்கும்!"

அந்தப் பெண் என் மீசையைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொல்லிவிட்டாள். "புது டப்பி மாட்டினாலும் ரப்பர் ஓரம் தோல்ல ஒட்டணும் அண்ணா. முடிமேல உக்காந்தா இடுக்குல காத்து உள்ள போயிடும்."

என் மீசை சாதாரண மீசை இல்லை. உதட்டின் இரண்டு பக்கமும் இறங்கி, கன்னத்தில் ஏறி, கிருதாவோடு சேரும். அந்த மீசைக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டதாக என் மனைவி ஒரு நாளும் சொன்னதில்லை. நானே சொல்லிக்கொள்வேன்.

"மீசை இருக்கட்டும்மா. ரத்தத்த எடு" என்று கையை நீட்டினேன். பாயிடமும் கேட்டாள். அவருக்கு ஊசி என்றால் பயம். திடீரென்று ஒரு பம்பரை நிமிர்த்த வேண்டிய அவசரம் வந்துவிட்டது அவருக்கு.

பத்து நாள் கழித்து அவள் போன் செய்தாள். மற்ற டெஸ்ட் எல்லாம் இன்னும் முடியவில்லை, ஆனால் சாதாரண ரத்தக் கணக்கிலேயே வெள்ளை அணு குறைவாக இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்றாள்.

"அடுத்த வாரம் பாக்கறேன்மா."

"இன்னிக்கு அண்ணா."

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இன்னொரு தடவை எடுத்தார்கள். நாலாயிரமாவது இருக்க வேண்டியது மூவாயிரம்கூட இல்லை. டாக்டருக்கு என் வயது இருக்கும். என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது.

"மூணு மாசம் தின்னர் பக்கமே போகாதீங்க. கை கழுவக்கூட. குடி கூடாது. மாசா மாசம் ரத்தம் பாப்போம். அப்பவும் ஏறலைன்னா இடுப்பெலும்புல ஊசி போட்டு உள்ள இருக்கறதை எடுத்துப் பாக்கணும்."

"எலும்புக்குள்ள எதுக்கு சார்?"

"ரத்தம் அங்கதான் ஊறுது. அந்த இடம் கெட்டிருக்கான்னு தெரியணும்."

கெட்டிருந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேஜை மேல் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

வீடு ஆதம்பாக்கம். போய்ச் சேர்ந்தபோது மனைவி குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"வெள்ளை கம்மியாம்."

"எதுல?"

"ரத்தத்துல."

அடுப்பை அணைத்தாள். "தின்னராலயா?"

"இருக்கலாமாம். ஏறலன்னா எலும்புல ஊசி போடணுமாம்."

"ஜீரணம் ஆவுதுன்னியேய்யா."

அவ்வளவுதான். திரும்ப அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் சட்டையைக் கழற்றினேன். அவள் வாங்கி, வாசல் பக்கம் இருந்த தனி பக்கெட்டில் போட்டாள். அப்போதுதான் கவனித்தேன். என் வேலைச் சட்டைக்கு எப்போதும் தனி பக்கெட்தான். வருடக்கணக்காக. வீட்டுத் துணியோடு ஒரு நாளும் சேர்த்ததில்லை. அவளுக்கு அந்த அளவு அறிவு இருந்தது. எனக்கு மீசை இருந்தது.

மறுநாள் பாயிடம் சொன்னேன். நல்லி எலும்புக்குள் இருக்குமே, அதுதான் ரத்தம் செய்கிற இடம், எனக்கு அது கெட்டுவிட்டதா என்று பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

பாய் தலையைச் சொறிந்தார். "அப்போ என் ஊட்டு கல்யாணத்துல நீ உறிஞ்சினியே அத்தினி நல்லி, அதெல்லாம் இன்னா ஆச்சு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பெயிண்ட் அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்துத் தெருவில் ஒரு பெயிண்டர் இருக்கிறார். அவரைப் பேசி வரச் சொன்னார். அவர் அடிக்கும் நேரத்தில் நான் சந்து முனையில் டீக்கடை பெஞ்சில் உட்கார வேண்டும். அது பாய் போட்ட சட்டம். இருபத்தெட்டு வருடம் அடித்தவன், என் கன் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு பன் தின்றேன்.

முதல் மாதம் ரத்தம் பார்த்தார்கள். ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

அந்த வாரம் அடையாறிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். மற்ற டெஸ்ட் முடிந்துவிட்டதாம். வந்தால் காட்டுகிறேன் என்றாள். போனேன். சத்தமில்லாத அறை, ஏசி. கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினாள். கறுப்பில் ஒரு உருண்டை வெளிச்சம், அதற்குப் பின்னால் ஒரு நீளமான வால்.

"வால் நட்சத்திரமா?"

"உங்க செல் அண்ணா. ஒரே ஒரு வெள்ளை அணு. உள்ள இருக்கிற டிஎன்ஏ முழுசா இருந்தா உருண்டையா நிக்கும். உடைஞ்சிருந்தா, கரண்ட் குடுக்கும்போது துண்டெல்லாம் வெளிய ஓடும். அதான் வால்."

கன் மூக்கில் அடைப்பு இருந்தால் பெயிண்ட் இப்படித்தான் துப்பும். சொட்டும் வாலுமாக. அப்படி ஒரு கதவு அடித்தால் நான் வெளியே அனுப்ப மாட்டேன், தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பேன். எனக்குள்ளேயே அப்படி அடித்து வைத்திருக்கிறேன்.

"இது ரிப்பேர் ஆவுமாமா?"

"ஆகும். தினமும் ஆகிக்கிட்டுதான் இருக்கு. வேலையே பார்க்காதவங்க உடம்புலயும் தினம் உடையும், தினம் சரியாகும். டிஎன்ஏ ரெண்டு இழை அண்ணா. ஒண்ணுக்கொண்ணு ஜோடி. ஒண்ணுல கெட்டுப்போனா அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, எதிர் இழையைப் பாத்து நிரப்பிடும். வெட்டறதுக்கு ஒரு என்சைம், நிரப்ப ஒண்ணு, ஒட்ட ஒண்ணு."

"இடது கதவு அடி வாங்கினா வலது கதவப் பாத்து கலர் எடுக்கற மாதிரி."

அவள் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வேகத்தில் இன்னொன்று கேட்டேன். "ரிப்பேர் முடியறதுக்குள்ள அந்த செல் ரெண்டாயிடுச்சுன்னா?"

"தப்பு அப்படியே புது செல்லுக்குப் போயிடலாம். அப்புறம் அது தப்புன்னே தெரியாது. அதான் கவலை."

"துரு மேல பெயிண்ட் அடிச்ச மாதிரி" என்றேன். "ஆறு மாசம் பளபளன்னு இருக்கும். அப்புறம் கொப்புளம் வரும்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் இதை எழுதிக்கொள்ளவில்லை. "ரொம்பக் கெட்டுப் போச்சுன்னா அந்த செல் தானே செத்துடும். அப்படியும் ஒரு ஏற்பாடு இருக்கு" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். ரிப்பேர் ஆகாத வண்டியை நாங்களும் காயலாங்கடைக்கு அனுப்பிவிடுகிறோம். புரிந்தது.

பிறகு ஒரு தாளை எடுத்தாள். அதைத் திருப்பி வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"அண்ணா, ரெண்டாவது கூட்டம் ஒண்ணு சொன்னேன்ல, விஷத்துமேல ஒட்டி வெளிய அனுப்பறது. அதுல ஒரு என்சைம் உங்களுக்கு இல்ல."

"கம்மியா?"

"இல்லவே இல்ல. அதைச் செய்யறதுக்கான குறிப்பே பிறவியிலேயே கிடையாது. நிறைய பேருக்கு இப்படி இருக்கு. இது நோய் இல்ல. அந்த வேலையை மத்த என்சைம் கொஞ்சம் பாத்துக்கும். இதனாலதான் உங்களுக்கு வெள்ளை அணு குறைஞ்சதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இப்படி இருக்கறவங்க தின்னர்கிட்ட கொஞ்சம் கூடவே ஜாக்கிரதையா இருக்கணும்."

ஜாக்கிரதை. நான் அதில் கை கழுவினேன். மூக்கில் கட்டினேன். இருபத்தெட்டு வருடம் எந்தச் சரக்கு என்னிடம் இருக்கிறது என்று சந்து முழுக்கப் பீற்றினேனோ, அந்தச் சரக்கு கடையிலேயே இல்லை.

சனிக்கிழமைக் கதையையும் சொல்லிவிட்டேன். இனி மறைத்து என்ன.

"குடிக்கறது முதல் கூட்டத்தை முடுக்கிவிடும் அண்ணா. மலிவான தின்னர்ல பென்சீன் கலந்திருக்கலாம். அதை முதல் கூட்டம் மாத்தும்போது வர்றது, பென்சீனைவிட மோசம். ரெண்டாவது கூட்டம் உடனே வந்து அதை அனுப்பணும்."

"அங்கதான் எனக்கு ஆளு கம்மி."

"ஆமா."

"அப்போ வாரா வாரம் நானே முதல் கூட்டத்துக்கு ஊத்திக் குடுத்து வேலை வாங்கினு இருந்திருக்கேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது. சிரிக்கட்டும்.

"பாலும் வெல்லமும்?"

"கெடுதல் இல்ல."

"நல்லதா?"

"கெடுதல் இல்ல அண்ணா."

மருந்து ஏதாவது உண்டா என்று கடைசியாகக் கேட்டேன். மருந்து இல்லை என்றாள். உடம்பு துடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, ரிப்பேர் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறது, நான் மேலே மேலே ஊற்றினால் அதற்கு எட்டவில்லை, ஊற்றாமல் இருந்தால் எட்டிப் பிடிக்கும் என்றாள். பிறகு, "பிடிக்கலாம்" என்று திருத்தினாள். நேர்மையான பெண். அந்தத் திருத்தம் பஸ்ஸில் ஆதம்பாக்கம் வரை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

ஊற்றாமல் இருப்பது என்றால் சும்மா இருப்பது. எனக்கு அது தெரியாத வேலை. வண்டி வாங்கி வர, கொண்டு விட என்று பாய் என்னை அனுப்பினார். அப்படித்தான் மயிலாப்பூரில் ஒரு மாமி வீட்டுக்குப் போனேன். பழைய கார், கரும்பச்சை. வலது பக்கம் நன்றாக இருந்தது. இடது கதவை யாரோ ஆட்டோவால் கிழித்திருந்தார்கள். சந்தையிலே கிடைக்காத பச்சை அது. கண்ணால் பார்த்துக் கலக்க வேண்டும்.

"என்னப்பா, உடம்பு சரியில்லேன்னு பாய் போன்ல சொல்லிண்டிருந்தார்" என்றார் மாமி. "எங்காத்து மாமா ஒரு டீடாக்ஸ் ஜூஸ் குடிச்சிண்டிருக்கார். கசக்கும். ஆனா ரத்தம் சுத்தமாயிடும். ஒரு பாட்டில் எடுத்துண்டு போ."

உடம்பு தானே துடைத்துக்கொள்கிறது, மேலே ஊற்றாமல் இருந்தால் போதும் என்று அடையாறில் கேட்டுவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அங்கேயே நின்று முழு பாட்டிலையும் குடித்தேன். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு பஸ் ஏறினேன். தி.நகர் வருவதற்குள் வயிறு பேச ஆரம்பித்தது. பஸ் நிற்பதற்கு முன்பே குதித்தேன். பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வாசலில் எட்டு பேர் வரிசை. என் முகத்தைப் பார்த்து எட்டு பேரும் வழி விட்டார்கள். ரத்தம் சுத்தமானதா தெரியாது. மற்றது எல்லாம் சுத்தமானது.

இரண்டாவது மாதம் கொஞ்சம் ஏறியது. கொஞ்சம்தான். டாக்டர் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. எலும்பு ஊசிப் பேச்சு இன்னும் அந்த மேஜை மேலேயே இருந்தது.

பச்சைக் காருக்கு மாற்ற வேண்டிய பாகங்கள் வர நாளாகிவிட்டது. மூன்றாவது டெஸ்டுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் பக்கத்துத் தெரு பெயிண்டர் கதவு அடித்தார். மாமி மத்தியானம் வந்து பார்த்தார்.

"இது என் பச்சை இல்லையே" என்றார். இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கத்திரிக்காய்க் காம்பு மாதிரி இருக்கு. என்னோடது வாழை இலைக்கு மேல் பக்கம்னா, இது அடிப்பக்கம்."

அவர் போன பிறகு நான் கன்னைக் கையில் எடுத்துவிட்டேன். நல்ல எண்ணம் எல்லாம் இல்லை. இந்தச் சந்தில் இந்தப் பச்சை என் கண் ஒன்றுக்குத்தான் தெரியும் என்ற கொழுப்பு.

"ஒரே கதவுதான் பாய். பத்து நிமிஷம்."

பாய் எழுந்தார். போய் கம்ப்ரஸரை நிறுத்தினார். பிளக்கைப் பிடுங்கினார். வயரைச் சுருட்டிக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"இன்னா பாய்?"

"அடி. வாயால ஊதி அடி. ஸ்ட்ராங் பாடி ஆச்சே."

"மூச்சப் புடிச்சினு அடிக்கிறேன் பாய்."

"பத்து நிமிஷமா? நீ இன்னா முதலையா?"

"நாலு நாள்ல டெஸ்டு. ஒரு கதவுல ஒண்ணும் ஆயிடாது."

"ஆயிடாதுன்னு யாரு சொன்னா? மாஸ்க்க தின்னர்ல ஊறப் போட்டவரு சொல்றாரா?"

கன்னைக் கீழே வைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நைனா, இத்தினி வருஷமா உன் பொகைல நானும்தான் கீறேன். உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அட்த்து என்னிய இட்டுனு போவாங்க ஊசி குத்த. எனக்குன்னா உயிரே போயிடும். எனக்கோசரமாவது ஒயுங்கா இரு."

அவர் அப்படித்தான் பேசுவார். நேராகப் பேசினால் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தோம். காரை வெயிலில் நிறுத்தினார்கள். பெயிண்டர் ஷெட் வாசலில் உட்கார்ந்து கலந்தார். நான் சந்துக்கு எதிர்ப்பக்கம், காற்று வருகிற திசையில், ஒரு ஸ்டூலில். ஒரு சொட்டுக் கறுப்பு என்று கத்துவேன். ஊற்றுவார். ஒரு அட்டையில் பூசி, காய வைத்து, வலது கதவு பக்கத்தில் பிடிப்பார். இல்லை, மஞ்சள் அரை சொட்டு. இல்லை. இன்னும் கறுப்பு. எதிரில் இருக்கும் நல்ல கதவைப் பார்த்துப் பார்த்துக் கெட்ட கதவைச் சரி பண்ணினோம். எனக்குள்ளும் யாரோ இப்படி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்காவது கண் நன்றாக இருக்கட்டும்.

பதினோராவது அட்டையில் பச்சை கிடைத்தது. அவர் அடித்தார். நான் டீக்கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மாமி இரண்டு கதவையும் பார்த்தார். "இதுதான் என் பச்சை. உன் கையே கை" என்றார். அடித்தது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாய் என் காலை மிதித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது டெஸ்டுக்கு மனைவியும் வந்தாள். உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் தாளைப் பார்த்தார். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். என் கை பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நாலாயிரத்தைத் தாண்டிடுச்சு."

"ஊசி சார்?"

"இப்ப வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. இது சரியாப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. சரியாகிட்டு வருதுன்னு அர்த்தம்."

"வேலைக்குப் போலாமா?"

"கன் எடுக்கவே கூடாது. கலர் கலக்கணும்னா வெளிய, கையுறையோட, மாஸ்க்கோட. மாஸ்க் ஒழுங்கா உக்காரணும்." என் மீசையைப் பார்த்தார். அவரும்.

வெளியே வந்தேன். மனைவி எழுந்து நின்றாள்.

"ஏறிடுச்சு" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்றாள். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "எதிர்லயே சலூன் கீது. போ."

"இப்பவேவா?"

"வந்ததுலேர்ந்து பாத்துக்கினு கீறேன் அந்த சலூன."

சலூன்காரர் இரண்டு தடவை கேட்டார், உறுதியா என்று. எடுத்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். மீசை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பெயிண்ட் அடிக்கும்போது டேப் ஒட்டி மறைத்துப் பிரித்த மாதிரி. வெளியே வந்ததும் மனைவி பார்த்தாள். மூன்று மாதம் கழித்து சிரித்தாள். நடுரோட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "இந்த மூஞ்சியத்தான் இவ்ளோ நாள் மறைச்சி வெச்சிருந்தியா?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பரவால்ல" என்றாள்.

ஷெட்டுக்குப் போனால் பாய் எழுந்து கைகூப்பினார். "வாங்க சார். வண்டி எங்க இடிச்சிது?"

அடுத்த முறை அந்தப் பெண் ஐஸ் பெட்டியோடு வந்தபோது பாய் தானாகவே கையை நீட்டினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தோளில் ஐந்து விரலும் பதிந்தது. அவருடைய ரத்தக் கணக்கு சரியாக இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் என் உயிரை வாங்கினார்.

இப்போது கன் அந்தப் பெயிண்டர் கையில். நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கலர் கலக்குகிறேன். கையுறை, புது மாஸ்க், வழித்த முகம். கை கழுவ எண்ணெயும் சோப்பும். நேரம் ஆகிறது, பெயிண்ட் போகிறது. பால் குடிக்கிறேன், பிடிக்கும் என்பதால். சனிக்கிழமை ஒன்றும் இல்லை.

மாஸ்க்கை வைக்கக் காற்றுப் புகாத டப்பா வேண்டும், கரி டப்பிகளை அதற்குள் மூடி வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். எங்கே வாங்குவது என்று கேட்டேன். பாய் போய் எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தார். வெல்லத்தைக் கொட்டினார். கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். மாஸ்க் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இத்தனை வருடமாக வைக்கத் தெரிந்திருக்கிறது. எதை வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வெல்லத்தைப் பேப்பரில் மடித்து அலமாரியில், தின்னர் டின்களோடு, பழைய மாஸ்க் இருந்த இடத்தில் வைத்தேன். இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு எறும்பு வரவில்லை.